டெங் யாபிங் ஜெயித்தது ரப்பராலா?

வேளச்சேரிக்காரன்:

என் மகளுக்கு 11 வயது. மூன்று வருடமாக டேபிள் டென்னிஸ் ஆடுகிறாள். பள்ளியில் உயர வரிசைப்படி நிற்கச் சொன்னால் எப்போதும் முதல் ஆள் அவள்தான். என் மனைவி வீட்டில் எல்லோருமே அந்த அளவுதான். இனிமேல் கிடுகிடுவென்று வளர்ந்துவிடுவாள் என்ற நம்பிக்கை எனக்கும் இல்லை.

போன வாரம் அவளுடைய கோச் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மட்டையின் பேக்ஹேண்ட் பக்கம் லாங் பிம்பிள்ஸ் என்ற நீளக் காம்பு ரப்பரை ஒட்டிவிடலாம் என்றார். "இந்த உயரத்துக்கு இதுதான் சார் வழி. சைனாவுல டெங் யாபிங் இதை வெச்சுத்தான் ஜெயிச்சாங்க." பக்கத்தில் நின்றிருந்த இன்னொரு பெண்ணின் அப்பா சிரித்தார். "அது ஏமாத்து ரப்பர் சார். அதைப் பிடிச்சா பொண்ணுக்கு ஆட்டமே வராது."

வண்டியில் திரும்பும்போது மகள் பின்னாலிருந்து கேட்கிறாள்: "ஏமாத்துனா ஒலிம்பிக்ஸ்ல மெடல் குடுப்பாங்களாப்பா?" சிக்னல் பச்சைக்கு மாறியதால் தப்பித்தேன்.

டெங் யாபிங் பற்றித் தேடிப் பார்த்தேன். உயரம் 150 செ.மீ., 4 ஒலிம்பிக் தங்கம், 24 வயதில் ஓய்வு. இவ்வளவுதான் தெரிந்தது. குள்ளம் என்று அவரை அணியில் சேர்க்கவே மறுத்தார்களாமே, உண்மையா? நிஜமாகவே ரப்பரால்தான் ஜெயித்தாரா? 24 வயதில் ஏன் விட்டார்? அந்தக் காலத்து ஆட்டத்தைப் பார்த்தவர்கள் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

நெட் பால்:

ஏமாத்து ரப்பர் என்று சொல்கிறவர் எல்லோரும் அந்த ரப்பரிடம் ஒருமுறையாவது உதை வாங்கியவர்கள். நான் போன மாதம் ஒரு ரிட்டயர்ட் தாத்தாவிடம் 3-0 வாங்கினேன். நான் அப்படிச் சொன்னதே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

பழைய மட்டை:

தம்பி, எனக்கு 59 வயதாகிறது. ஆபீஸ் அணிக்காக 20 வருடத்துக்கு மேல் ஆடியவன். 1987ல் டெல்லி இந்திரா காந்தி ஸ்டேடியத்தில் உலகப் போட்டி நடந்தபோது நண்பர்கள் மூன்று பேர் ரயிலேறிப் போய்ப் பார்த்தோம். டெங் அந்தப் போட்டியில் இல்லை. அப்போது அவருக்கு 14 வயது, சீன அணியிலேயே சேரவில்லை. அவர் ஆட்டங்களை நான் பார்த்ததெல்லாம் பிறகு ஒரு நண்பன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த வீடியோ கேசட்டில்தான். நாடா தேயத் தேயப் பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்த ரப்பரைப் பற்றி. சாதாரண ரப்பர் வழவழப்பாக, பந்தைப் பிடிக்கும். நீங்கள் கொடுக்கும் சுழற்சிதான் பந்தில் ஏறும். லாங் பிம்பிள்ஸில் காம்பு காம்பாக நீட்டிக்கொண்டிருக்கும். பந்து பட்டால் காம்புகள் மடங்கி வழுக்கும், பிடிக்காது. அதனால் வந்த சுழற்சி அழியாமல் அப்படியே திரும்பிப் போகும். எதிராளி டாப் ஸ்பின், அதாவது முன்னோக்கிச் சுழலும் பந்து, போட்டால் அவருக்கே அது 'கட்', அதாவது பின்னோக்கிச் சுழலும் பந்தாக வரும். கட் போட்டு அனுப்பினால் லேசான டாப் ஸ்பின்னாக வரும். பழகாதவன் பந்தை நெட்டில் தள்ளுவான், அல்லது மேசைக்கு வெளியே தூக்குவான், அப்புறம் மட்டையை முறைத்துப் பார்ப்பான். இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது? ஒரு காலத்தில் மட்டையின் இரண்டு பக்கமும் ஒரே நிறத்தில் வைத்துக்கொண்டு, கையில் சுற்றிச் சுற்றி எதிராளியைக் குழப்பினார்கள். அதைத் தடுக்கத்தான் எண்பதுகளில் ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் கறுப்பு என்று விதி வந்தது. டெங் பெயர் வாங்கியது அந்த விதிக்குப் பிறகு. எந்தப் பக்கத்தால் அடிக்கிறார் என்று எதிரே நின்ற எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் தோற்றார்கள்.

அடுத்தது உயரம். மேசையின் அகலம் 152.5 செ.மீ. டெங்கின் உயரம் 150. மேசையின் அகலம்கூட இல்லாத பெண் அதன் இரண்டு மூலைக்கும் எட்ட வேண்டும் என்றால் கை போதாது, கால்தான் போக வேண்டும். அவருடைய அப்பா டெங் தாசோங்கும் ஆட்டக்காரர், பயிற்சியாளர். ஐந்து வயதில் கையில் மட்டையைக் கொடுத்தவர் அவர்தான். ஊர் ஹெனான் மாகாணத்து ஜெங்சோ. மாகாண அணிக்குப் போனபோது குள்ளம், எதிர்காலம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். நீங்கள் கேட்டது உண்மைதான். பிறகு ஜெங்சோ நகர அணியில் சேர்ந்து, காலில் மணல் பை கட்டிக்கொண்டு பழகினார். 13 வயதில் தேசிய அளவில் பட்டம் ஜெயித்தார். அப்போதும் தேசிய அணிக்குள் அவரைச் சேர்ப்பதில் தகராறு. உள்ளே எடுத்தே ஆக வேண்டும் என்று நின்றவர் பெண்கள் அணியின் தலைமைப் பயிற்சியாளர் சாங் ஷியெலின்.

இந்த மனிதர் யார் தெரியுமா? 1961 பெய்ஜிங் உலகப் போட்டியில் லாங் பிம்பிள்ஸ் மட்டையோடு இறங்கி, மேசையிலிருந்து தள்ளி நின்று, பந்தைக் கீழ்நோக்கி வெட்டி அனுப்பும் 'சாப்' போட்டே ஜப்பான்காரர்களைத் திணற வைத்தவர். அந்த ரப்பரை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியவர்களில் முதல் வரிசை ஆள். மற்றவர்கள் டெங்கைப் பார்த்துக் குட்டைக் கை என்றார்கள். மற்றவர்களுக்குத் தாழ்வாக வரும் பந்து இவளுக்கு உயரமாகத்தான் தெரியும், அடித்துவிடுவாள் என்று சாங் வாதாடியதாகச் சொல்வார்கள். கேட்டால் விளையாட்டுப் பேச்சு மாதிரி இருக்கும். கேசட்டைப் பார்த்தால் அது சரி என்று புரியும்.

ஏனென்றால் அன்று லாங் பிம்பிள்ஸ் வைத்திருந்தவர்களில் பாதிப்பேர் பத்தடி பின்னால் போய்ச் சாப் போடுவார்கள். மீதிப்பேர் மேசை அருகே நின்று சும்மா பிளாக் செய்துகொண்டிருப்பார்கள். டெங் இரண்டையும் செய்யவில்லை. வயிறு மேசையில் இடிக்கிற மாதிரி நின்றுகொண்டு, பந்து குத்தி எழும்பும்போதே, உச்சிக்குப் போகுமுன்னே, பிம்பிள்ஸாலேயே குத்தி அடிப்பார். அந்தப் பந்து தள்ளாடிப் போகும். எதிராளி அரை மனதாக எடுத்து அனுப்பும் பந்து கொஞ்சம் எழும்பும். அதற்குள் டெங் பக்கவாட்டில் பாய்ந்து ஃபோர்ஹேண்டுக்கு வந்திருப்பார். ஃபோர்ஹேண்டில் இருந்தது வழக்கமான வழவழ ரப்பர்தான். பாயின்டை முடித்தது பெரும்பாலும் அதுதான். முடித்த கையோடு ஒரு கத்தல். அந்தக் கத்தல் பல பேருக்குப் பிடிக்காது. எனக்கும் ஆரம்பத்தில் பிடிக்கவில்லை.

1991ல் ஜப்பானின் சிபா நகரில் நடந்த உலகப் போட்டியைச் சொல்ல வேண்டும். வட கொரியாவும் தென் கொரியாவும் ஒரே கொடியின் கீழ் ஒரே அணியாக ஆடின. பெண்கள் அணி இறுதியில் சீனாவை 3-2 என்று வென்றார்கள். டெங் தன் முதல் ஆட்டத்தில் யூ சுன் போக் என்ற வடகொரியப் பெண்ணிடம் தோற்றார். எட்டு முறை தொடர்ந்து சீனா வைத்திருந்த கோப்பை போயிற்று. 18 வயதுப் பெண், நாட்டின் முதல் ஆட்டக்காரி, அப்படி ஒரு தோல்வி. அதே ஊரில், அதே போட்டியில், சில நாள் கழித்து ஒற்றையர் இறுதிக்கு வந்து, அதே கொரிய அணியின் லி புன் ஹுயியை ஜெயித்து உலகச் சாம்பியன் ஆனார். மட்டையில் அதே ரப்பர்தான். ரப்பர்தான் காரணம் என்றால் அணி ஆட்டத்தில் ஏன் தோற்றார்?

பிறகு 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஒற்றையர், இரட்டையர் இரண்டிலும் தங்கம். 1996 அட்லாண்டாவில் மறுபடி இரண்டும். உலகப் போட்டிகளில் 9 தங்கம். 1990ல் தொடங்கி 1997 வரை முதல் ரேங்க். இதையெல்லாம் நீங்களே தேடிப் படிக்கலாம்.

அட்லாண்டா இறுதியை மட்டும் யூடியூபில் மகளுக்குப் போட்டுக் காட்டுங்கள். எதிரே சென் ஜிங். 1988ல் சியோல் ஒலிம்பிக்கில் சீனாவுக்காகவே தங்கம் ஜெயித்தவர், பிறகு தைவானுக்குப் போய் அந்த அணிக்கு ஆடியவர். டெங்கின் ஆட்டத்தை உள்ளேயிருந்து அறிந்தவர், அந்த ரப்பரைப் பார்த்து மிரளாதவர். முதல் இரண்டு செட் டெங்குக்கு. மூன்றாவது 20-22, நான்காவது 17-21. அப்போதெல்லாம் ஒரு செட் 21 பாயின்ட். மூன்றாவது செட்டில் கைக்கு வந்த ஆட்டம் நழுவிப் போயிற்று. நானாக இருந்தால் ஐந்தாவது செட்டில் மட்டையைக் கீழே வைத்திருப்பேன். டெங் 21-5 என்று முடித்தார். ஐந்தே பாயின்ட்! அந்த செட்டில் பிம்பிள்ஸை மறந்துவிட்டுக் கால்களை மட்டும் பாருங்கள்.

ஆனந்தி, சிங்கப்பூர்:

பழைய மட்டை சார், அருமை. ஆனால் டெங்கை நீங்கள் ஒரேயடியாகத் தூக்கி வைக்கிறீர்கள். இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

ஒன்று, அவர் தோற்கவே தோற்காத ஆள் இல்லை. 1993 கோதன்பர்க் உலகப் போட்டியில் ஒற்றையரில் ஆரம்பச் சுற்றிலேயே வெளியேறினார். வெளியேற்றியவர் எங்கள் சிங்கப்பூரின் ஜிங் ஜுன்ஹோங். ஷாங்காயில் பிறந்து, கல்யாணம் ஆகி இங்கே வந்தவர். இங்கே டேபிள் டென்னிஸ் பேசும் பெரியவர்கள் அந்த ஆட்டத்தைப் பற்றி இன்றும் ஒரு காபிக்காவது பேசுவார்கள். ஜிங் பிறகு 2000 சிட்னி ஒலிம்பிக்கில் நான்காவது இடம் வந்தார். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் அவரை ஜெயித்ததும் அதே சென் ஜிங்தான்.

இரண்டாவது, சார் டெல்லிக்குப் போனேன் என்றாரே, அங்கே சாம்பியன் ஆனது யார்? ஹெ ஜிலி. அரையிறுதியில் சக சீன ஆட்டக்காரிக்கு விட்டுக்கொடுக்கச் சொன்னார்கள். விட்டுக்கொடுக்காமல் ஆடி ஜெயித்து, இறுதியிலும் ஜெயித்தார். அடுத்த வருடம் சியோல் ஒலிம்பிக்கில் அவருக்கு இடம் இல்லை. ஜப்பான்காரரைக் கல்யாணம் செய்து கோயாமா சிரே என்று பெயர் மாற்றிக்கொண்டு, 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் ஜப்பான் சட்டையில் வந்தார். அரையிறுதியில் ச்சியாவ் ஹோங், இறுதியில் டெங். இரண்டு பேரையும் ஜெயித்தார். டெங்கைவிட எட்டு ஒன்பது வயது மூத்தவர், 30 தாண்டிவிட்டார். பாயின்ட் எடுக்கும்போதெல்லாம் "யோஷி" என்று ஜப்பானிய மொழியில் கத்தினார். சீனாவில் அதற்காக அவரைத் திட்டித் தீர்த்தார்கள். டெங் கத்தினால் போராட்டக் குணம், கோயாமா கத்தினால் துரோகமா?

நான் அதிகம் யோசிப்பது ச்சியாவ் ஹோங்கைத்தான். 1989 டோர்ட்மண்டில் உலக ஒற்றையர் சாம்பியன். டெங் முதல் உலகப் பட்டம் வாங்கியதே அதே வருடம், அவரோடு இரட்டையரில். இரண்டு ஒலிம்பிக் இரட்டையர் தங்கத்திலும் டெங்குக்குப் பக்கத்தில் நின்றவர். பார்சிலோனா ஒற்றையர் இறுதியில் எதிரே நின்றவரும் அவரே. காலையில் பக்கத்தில் நின்று ஆடுகிறவர், மாலையில் எதிரே நிற்பார். டெங்கின் பிம்பிள்ஸுக்கு அவரைவிடப் பழகியவர் உலகத்தில் யார் இருக்க முடியும்? அவராலேயே பெரிய மேடையில் முடியவில்லை. ஆக ரப்பர் இல்லை என்று சார் சொல்வதை என் கதையும் ஒப்புக்கொள்கிறது, கோபத்தோடு.

பழைய மட்டை:

அம்மா, டெல்லியில் கேலரியில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அந்த அரையிறுதிக்குப் பின்னால் நடந்தது ஒன்றுமே தெரியாது. ஹெ ஜிலி ஜெயித்தபோது எழுந்து நின்று கை தட்டினோம். இறுதியில் எதிரே தென்கொரியாவின் யாங் யங் ஜா. விட்டுக்கொடுக்கும் கதை பல வருடம் கழித்துத்தான் காதுக்கு வந்தது. ஹிரோஷிமா பற்றி நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, நியாயமான கேள்வி.

தம்பி 24 வயது பற்றிக் கேட்டிருந்தார். 1997 மான்செஸ்டர் உலகப் போட்டியில் ஒற்றையர், இரட்டையர், அணி மூன்றும் ஜெயித்தார். ஒற்றையர் இறுதியில் தோற்கடித்தது வாங் நான் என்ற அடுத்த தலைமுறைப் பெண்ணை. இரட்டையரில் கூட ஆடியவர் யாங் யிங். ச்சியாவ் ஹோங் அதற்குள் ஒதுங்கிவிட்டார். அதோடு டெங்கும் மட்டையை வைத்துவிட்டார். ஐந்து வயதில் தொடங்கி 19 வருடம் அந்தக் கால்களை அப்படி ஓட்டினால் உடம்பு கணக்குக் கேட்கும். காயங்கள் நிறைய. ஜெயிக்க வேண்டியதும் எதுவும் பாக்கி இல்லை.

எனக்கு அவருடைய மேட்சுகளைவிடப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படிக்கப் போனார். முதல் நாள் ஆசிரியர் 26 எழுத்தையும் எழுதச் சொன்னாராம். பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கலந்துதான் எழுத முடிந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். உலகத்தில் முதல் ரேங்கில் எட்டு வருடம் இருந்தவர் ஏ, பி, சி, டியில் தடுமாறி உட்கார்ந்திருக்கிறார். 2001ல் அங்கே பட்டம். 2002ல் நாட்டிங்ஹாமில் முதுகலை. 2008ல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம். அதே வருடம் பெய்ஜிங் ஒலிம்பிக் ஏற்பாட்டு வேலையும் பார்த்தார். எல்லாமே வெற்றி என்று நினைக்காதீர்கள். பிறகு அரசுப் பத்திரிகை ஒன்று தொடங்கிய தேடுபொறிக்குத் தலைமை ஏற்றார். அது ஓடவில்லை, இணையத்தில் அவரைக் கிழித்தார்கள். அதில் எனக்கு அவர்மேல் பெரிய பரிதாபம் ஒன்றும் இல்லை, தெரியாத துறையில் போய் உட்கார்ந்தால் அப்படித்தான்.

நெட் பால்:

என் ஆங்கில கையெழுத்தைப் பார்த்தால் நானும் சாம்பியன்தான்.

சரி, ஒன்று கேட்கிறேன். அந்த ரப்பர் இன்றைக்கு அதே வேலையைச் செய்யுமா? பந்து பெரிதாகிவிட்டதே?

பழைய மட்டை:

நல்ல கேள்வி, இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். டெங் ஆடியது 38 மி.மீ. பந்தில். 2000 ஒலிம்பிக் முடிந்ததும் பந்தை 40 மி.மீ. ஆக்கினார்கள். அடுத்த வருடம் செட்டை 11 பாயின்ட் ஆக்கினார்கள். 2014ல் செல்லுலாய்டு போய் பிளாஸ்டிக் பந்து வந்தது. ஒவ்வொன்றிலும் சுழற்சி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. லாங் பிம்பிள்ஸ் உயிர் வாழ்வதே எதிராளியின் சுழற்சியைச் சாப்பிட்டுத்தான். சாப்பாடு குறைந்தால் அதன் பலமும் குறையும். ரப்பரையும் சும்மா விடவில்லை. காம்பின் நீளத்துக்கு 1999ல் கட்டுப்பாடு வந்தது, சுத்தமாக வழுக்கும் வகையை 2008ல் தடை செய்தார்கள்.

ஆனாலும் செத்துவிடவில்லை. நம் மணிகா பத்ரா அதை வைத்துத்தான் 2018 காமன்வெல்த் ஒற்றையர் தங்கம் ஜெயித்தார், அவர் நல்ல உயரம். அதனால் குள்ளமானவர்களுக்கான ரப்பர் என்று கோச் சொல்வது சரியில்லை. 2024 பிப்ரவரியில் பூசானில் நம் அய்ஹிகா முகர்ஜி அப்போது முதல் ரேங்கில் இருந்த சீனாவின் சுன் யிங்ஷாவையே தோற்கடித்தார். அவர் மட்டையில் இருந்தது ஆன்ட்டி ரப்பர், காம்பு வெளியே தெரியாமல் வழவழப்பாக இருந்தாலும் பந்தைப் பிடிக்காத வகை, லாங் பிம்பிள்ஸுக்கு உறவுக்காரன் மாதிரி. சீன அணி அந்த அணி ஆட்டத்தில் 3-2 என்று தப்பித்தது வேறு கதை.

தம்பி, உங்கள் மகள் விஷயத்தில் நான் முடிவு சொல்ல முடியாது, அவள் ஆடி நான் பார்த்ததில்லை. கோச்சிடம் ஒன்று கேளுங்கள். பிம்பிள்ஸ் ஒட்டிய பிறகு அவளைச் சும்மா பிளாக் பண்ணி நிற்க வைக்கப் போகிறாரா, அதில் அடிக்கவும் பக்கவாட்டில் ஓடி ஃபோர்ஹேண்ட் போடவும் சொல்லித் தரப் போகிறாரா? முதலாவது என்றால் வேண்டாம். இந்த வயதில் ஜில்லாப் போட்டியில் நாலு கப் வரும், 15 வயதில் எல்லாப் பெண்களும் அந்த ரப்பருக்குப் பழகியிருப்பார்கள். இரண்டாவது என்றால், பழைய மட்டை ஒன்றில் ஒட்டி ஆறு மாதம் ஆடிப் பார்க்கட்டும். இருக்கிற மட்டையில் கை வைக்காதீர்கள்.

வேளச்சேரிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. ஆனந்தி அக்கா சொன்ன ஹெ ஜிலி கதையை இரவு சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன். மனைவி சாதம் போடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

கோச்சிடம் சார் சொன்னபடியே கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "முதல்ல ஃபோர்ஹேண்ட் ஃபுட்வொர்க் சரியாகட்டும் சார், தீபாவளி கழிச்சுப் பேசலாம்" என்றார். அதையே பதிலாக எடுத்துக்கொண்டேன்.

அட்லாண்டா இறுதியை மகளுக்குப் போட்டுக் காட்டினேன். ஐந்தாவது செட்டை மூன்று முறை பார்த்தாள். கால்களைப் பார் என்று சொல்லித்தான் காட்டினேன். ஆனால் பிடித்துக்கொண்டது கத்தலை. நேற்று மொட்டை மாடியில் சுவரில் அடித்துப் பழகும்போது ஒவ்வொரு பந்துக்கும் ஒரு கத்தல். கீழ் வீட்டு மாமி படியேறி வந்து, குழந்தை விழுந்துவிட்டாளா என்று கேட்டார்.